அமெரிக்கா அம்மா புகழ்ந்த யானைகள்

இன்று காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மருமகள் போனை நீட்டினாள். நம் கம்பெனிப் பொம்மைகளை அவள்தான் போட்டோ எடுத்துப் போனில் போடுகிறாள். உலகமே பார்க்கிறதாம்.

"மாமா, அமெரிக்காவுலேர்ந்து ஒரு அம்மா 'ஆசம்'னு போட்டிருக்காங்க. கூடவே வரிசையா இதயம் வேற."

ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அப்பிடின்னா வாங்க மாட்டாங்கம்மா" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "அதுக்குக் கீழ யாரோ என்னமோ போட்டிருக்காங்களே, அது என்னா?" என்று கேட்டேன்.

"அவரா? லண்டன்காரரு போல இருக்குது. பொம்மையோட அடிப்பக்கம் போட்டோ இருக்குதான்னு கேக்கிறாரு. நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"மொதல்ல அவருக்குப் பதிலைப் போடு."

அவள் எம்.காம். படித்தவள். நான் ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் கணக்குப் போடச் சொன்ன அன்றைக்குச் சுவரேறிக் குதித்தவன், திரும்பிப் போகவே இல்லை. ஆனாலும் இங்கிலீஷ் இரண்டு வகை என்பதும், ஒன்றை அளக்கிற படியால் இன்னொன்றை அளக்கக் கூடாது என்பதும் இந்த விருத்தாசலத்தில் என்னைப் போல அடிபட்டுத் தெரிந்துகொண்டவன் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நேற்று ராத்திரி மழை. முற்றத்தில் கொட்டியிருந்த வெள்ளைக் களிமண் நனைந்து ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது. வயல் மண் நனைந்தால் வருகிற வாசனை வேறு, அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். இது புதுச் சிலேட்டைத் துடைத்தால் வருமே, அந்த மாதிரி. அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு உடனே என் முதல் ஷெட்டு ஞாபகம் வந்துவிடும். தகரக் கூரை, பாதி மழை உள்ளே, பாதி மழை வெளியே.

அதற்கு முன்னால் நான் ஒரு முதலாளியிடம் அச்சில் களிமண் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். கை ஒடிந்தால் மாவுக் கட்டுப் போடுவார்களே, அந்த மாவில் செய்த அச்சு. அதில் கூழை ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், ஓரத்தில் பொம்மை ஒட்டி நிற்கும். என் கை ஊற்றினால் ஒரு குமிழி வராது. கல்யாணமான கையோடு, கூலிக்கு ஊற்றுவது போதும், நாமே முதலாளி ஆகலாம் என்று கிளம்பினேன். முதலாளி சிரித்தார். "போய்ட்டு வாடா. ஒன் ஸ்டூலை எவனுக்கும் குடுக்க மாட்டேன், அப்பிடியே கெடக்கும்" என்றார். வாழ்த்தா சாபமா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. என் ஷெட்டுக்குப் போகிற வழியில் அவர் ஷெட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவு திறந்திருக்கும். உள்ளே அந்த ஸ்டூல் காலியாகக் கிடக்கும். நான் பார்க்காத மாதிரி நடப்பேன்.

அப்போது எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்குச் சொந்தச் சூளை கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொதுச் சூளை. நீளமான ஒரு குகை. உள்ளே தண்டவாளம். பச்சைச் சரக்கை இரும்புத் தள்ளுவண்டியில் அடுக்கி இந்த வாய் வழியாக விட்டால், ஊர்ந்து ஊர்ந்து போய் அந்த வாய் வழியாக வெந்து வெளியே வரும். அவரவர் வண்டிக்கு முறை உண்டு. முறையில் தப்பான சரக்கை ஏற்றிவிட்டால் அடுத்த முறை வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். புதுசாகத் தொழில் தொடங்கியவன் எத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியும்? ஸ்டூல் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சூளைக்குத் தினமும் ஒரு பார்வையாளர் வருவார். அந்தோணிசாமி சார். ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோயில் தெருவில் வீடு. சாயங்காலம் ஆனால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தள்ளுவண்டிகள் உள்ளே போவதை நின்று பார்ப்பார். "இதுவும் ஒரு கூட்ஸுதாண்டா. என்னா, ஸ்பீடு கொஞ்சம் கம்மி" என்பார். சில நாள் வண்டி கிளம்பும்போது அவர் கை தானாகவே பச்சைக் கொடி அசைக்கிற மாதிரி லேசாக ஆடும். நாங்கள் பார்த்துவிட்டால் தலையைச் சொறிந்துகொள்வார்.

அவர் இங்கிலீஷ்தான் அந்தக் காலத்தில் ஊருக்கே இங்கிலீஷ். வேலையில் சேர்ந்த புதிதில் வெள்ளைக்கார அதிகாரியிடம் கொஞ்ச காலம் இருந்தாராம். டீக்கடையில் இங்கிலீஷ் பேப்பரை உரக்கப் படிப்பார். வாக்கியம் முடிந்ததும் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்ற மாதிரி நிறுத்துவார். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். அர்த்தம் யாருக்கு வேண்டும்?

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்து, என் முறைக்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு வாடகைக் கார் ஷெட்டு முன்னால் வந்து நின்றது. புதுச்சேரியில் தங்கிவிட்டுத் தெற்கே சுற்றிப் பார்க்கப் போகிற வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதி. பீங்கான் ஊர் என்று யாரோ சொல்லி இறங்கிவிட்டார்கள். லண்டனில் அவர்களுக்குச் சின்னதாக ஒரு பாத்திரக் கடை இருக்கிறதாம். என் அதிர்ஷ்டம், அந்த நேரத்தில் சார் அங்கே நின்றார். சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் போனார்.

அங்கேதான் வேடிக்கை. புருஷன் லண்டன்காரர், பெண்சாதி அமெரிக்காக்காரி. கல்யாணம் பண்ணிக்கொண்டார்களே தவிர இரண்டு பேர் இங்கிலீஷுக்கும் இன்னும் ராசியாகவில்லை. காரின் பின்பக்கத்தைத் திறக்கச் சொல்ல அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னது, துரை உடனே வேறு வார்த்தை சொல்லித் திருத்தினார், டிரைவர் இரண்டையும் கேட்டுவிட்டு, "டிக்கியா சார்?" என்றான். அந்த அம்மா பாத்ரூம் எங்கே என்று கேட்டது. என் வீட்டுக்காரி கஸ்தூரி ஓடிப் போய் ஒரு அண்டா வெந்நீர் போட்டு, சந்தன சோப்பும் புதுத் துண்டும் எடுத்து வைத்துவிட்டாள். மத்தியான வெயிலில் எதற்கு இந்த அம்மா குளிக்கப் போகிறது என்று அவளுக்கும் சந்தேகம்தான். கேட்டதைக் கொடுப்பதுதானே மரியாதை. கடைசியில் துரை கூச்சத்தோடு சாரின் காதில் ஏதோ சொல்லி, சார் கஸ்தூரியிடம் பார்த்துப் பார்த்துச் சொல்லி, ஒரு வழியாக விஷயம் முடிந்தது. போன அம்மா முகத்தையும் சந்தன சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தது. வீணாகவில்லை.

அடுத்து அந்த அம்மா சாரைப் பார்த்து என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டது. "கார்டு" என்றார் நிமிர்ந்து. துப்பாக்கியோடா என்று கேட்டது அந்த அம்மா. பாங்க் வாசலில் நிற்கிற ஆள் என்று நினைத்துவிட்டதாம். துரை குறுக்கிட்டு, உங்கள் ஊரில் சொல்கிற கண்டக்டர் என்று விளக்கினார். சாருக்கு முகம் செத்துவிட்டது. அப்புறம் என்னிடம் புலம்பினார். "கண்டக்டராம்டா. வேப்பூர் பஸ்ஸுல விசிலை ஊதிக்கினு டிக்கெட்டு கிழிக்கிறவன்னு நெனச்சிட்டாங்களா என்னை? ஒரு முழு கூட்ஸையும் என் கொடிக்கு நிக்க வெச்சவன்டா நான்." அடுத்தபடியாக அந்த அம்மா அவர் பெயரைக் கேட்டு, அவ்வளவு நீளம் நாக்கில் நிற்காமல், "டோனி" என்று தோளில் தட்டியது. தன்னையும் வெறும் கேத்தி என்று கூப்பிடச் சொன்னது. சார் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி வரைக்கும் "கேத்தி மேடம்"தான்.

பிறகு சரக்கைப் பார்த்தார்கள். நான் ஒரு முழ உயரத்தில் அம்பாரி வைத்த யானை செய்து வைத்திருந்தேன். சிவப்பும் பச்சையும் நீலமும் தங்கக் கோடும். அந்த அம்மா அதைப் பார்த்ததும் கையைச் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டது. சரசரவென்று பேசியது. எனக்குப் புரிந்தது "வொண்டர்ஃபுல்" ஒன்றுதான், அது நாலைந்து தடவை வந்தது. சார் மொழிபெயர்த்தார்: "உயிராம்டா. இந்த மாதிரி ஒண்ண வாழ்க்கையில பாத்ததே இல்லியாம். எல்லாத்தையும் வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடலாம்போல இருக்குதாம்." யானையைக் கட்டிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டது.

துரை அந்தப் பக்கமே வரவில்லை. மூலையில், நாட்டு மருந்து இழைக்கிற வெள்ளைப் பீங்கான் கல்வம் கொஞ்சம் கிடந்தது. பூ இல்லை, கோடு இல்லை, குழந்தைக்கு மாசிக்காய் உரைக்கிற சைஸ். அதில் ஒன்றை எடுத்தார். கவிழ்த்தார். அடியை விரலால் தடவினார். மறுபடி நிமிர்த்தி வைத்துவிட்டு, "நாட் பேட்" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாசம் இதே வழியாகத் திரும்பும்போது வருகிறோம், தயாராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள். எது தயாராக இருக்கட்டும் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைச்சல் என்று இருவருக்கும் ஒரே நினைப்பு.

கார் போன தூசி அடங்குவதற்குள் சார் என் தோளைப் பிடித்தார். அவர் பார்த்த கணக்கை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு ஒழுங்கான கணக்கு அது. அவருடைய பழைய வெள்ளைக்கார அதிகாரி வாயைத் திறந்து யாரையும் பாராட்டியதே கிடையாதாம். ஒரு தடவை வெள்ளத்தில் பாலத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திச் சரக்கைக் காப்பாற்றிய டிரைவரைப் பார்த்து "நாட் பேட்" என்றாராம். அந்த மாசமே அந்த டிரைவருக்குக் கூட்ஸ் போய் மெயில் வண்டி கிடைத்ததாம்.

"புரியுதாடா? வெள்ளைக்காரன் வூட்ல வார்த்தைக்குப் பஞ்சம். 'நாட் பேட்'டுக்கே மெயில் வண்டி. இந்தம்மா 'வொண்டர்ஃபுல்'னு எத்தினி தபா சொல்லிச்சு? யோசிச்சிப் பாரு. ஒனக்கு ஒரு வண்டி பத்தாது. சூளையே பத்தாது."

ஸ்டூல் கண்ணை விட்டு மறைந்தது. அந்த முறைக்கு நான் ஏற்ற வேண்டியது கரண்டுப் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கட்டை. எலெக்ட்ரிக் கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். அதை ஒதுக்கி வைத்தேன். ராப்பகலாக யானை ஊற்றினேன். கஸ்தூரி தும்பிக்கை ஒட்டினாள். ஒட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னாங்க, சந்தையில நாமளே சட்டி வாங்கப் போனா என்னா பண்ணுவோம்? 'ஐயோ எவ்ளோ அழகு'ன்னு சொல்லிட்டு நவுந்துடுவோம். வாங்கணும்னு இருக்கிறதைத்தான் கவுத்துப் பாப்போம், மூஞ்ச சுளிப்போம், சுமாரா இருக்குதும்போம். அந்த ஐயாதானே கவுத்துப் பாத்தாரு?"

அது நம் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துக்காரிகள் வழக்கம், வெள்ளைக்காரிக்கு அது கிடையாது, சாரே சொல்லிவிட்டார், நீ தும்பிக்கையைப் பார் என்றேன். அவள் தும்பிக்கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஒரு காரியமும் செய்தாள். நான் யானை ஊற்றி மிஞ்சிய கூழை எல்லாம் அவள் கல்வம் அச்சில் ஊற்றிவிட்டாள்.

வண்டி அடுக்குகிற நாள் வந்தது. சூளை வேலை தெரிந்தவர்கள் அறிவார்கள், வண்டியில் வெற்றிடம் விடுவது பாவம். சும்மா கிடக்கிற இடத்துக்கும் அதே நெருப்புச் செலவுதான். யானைக்கு நாலு கால், நடுவில் வயிறு, வயிற்றுக்குக் கீழே வெற்றிடம். ஒவ்வொரு யானை வயிற்றுக்குக் கீழும் கஸ்தூரி ஒரு கல்வத்தை வைத்தாள், அதன் குழவியைப் பக்கத்தில் நிறுத்தினாள். யானைகள் குட்டி போட்ட மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். இடம் வீணாகவில்லை என்பதால் விட்டுவிட்டேன். வண்டி உள்ளே போனது. சார் அன்றைக்கு வெட்கப்படாமல் கையை நன்றாகவே அசைத்தார்.

சொன்ன மாதிரியே அடுத்த மாசம் கார் வந்தது. ஷெட்டு முழுக்க யானை. முதல் வரிசை வாசலிலேயே நின்றது, கல்யாண வீடு மாதிரி. கேத்தி மேடம் இறங்கியதும் பழையபடி கையை நெஞ்சில் வைத்தது. பழையபடி வொண்டர்ஃபுல். இந்தத் தடவை இன்னும் ஒரு வார்த்தை சேர்ந்தது, அது அதைவிடப் பெரிசு என்று சார் என் காதில் சொன்னார். நான் முன்கூட்டியே வைக்கோல் வாங்கி வைத்திருந்தேன், கட்டி அனுப்ப. அந்த அம்மா ஒவ்வொரு யானையாகத் தடவிக் கொடுத்தது, ஒன்றின் நெற்றியில் முத்தமும் கொடுத்தது. நல்லதாக ஒரே ஒரு யானையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று.

நான் சாரைப் பார்த்தேன். சார் யானையைப் பார்த்தார். என் காதில் ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் அங்கே இல்லை, ஆனால் கேட்டது.

துரை அதுவரை வாசலிலேயே நின்றார். குனிந்தார். ஒரு யானையின் வயிற்றுக்குக் கீழே கையை விட்டார். வண்டியிலிருந்து இறக்கும்போது கஸ்தூரி அடுக்கு மாறாமல் அப்படியே இறக்கி வைத்திருந்தாள். கல்வத்தை வெளியே எடுத்தார். கவிழ்த்தார். தடவினார். அடுத்த யானைக்குக் குனிந்தார். எல்லா யானைக்கும் குனிந்தார். எழுந்தபோது வேட்டியாக இருந்தால் அவிழ்ந்திருக்கும், பேண்ட்டு என்பதால் முழங்கால் மட்டும் வெள்ளையாகியிருந்தது. சாரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். சார் என் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப மோசம்னு சொல்ல முடியாதாம்டா. உனக்குத் தொந்தரவு இல்லேன்னா, கெடக்கிறது அத்தனையும் வேணுமாம். மாசா மாசம் இதேபோல அனுப்ப முடியுமான்னு தயவுபண்ணிக் கேக்கிறாரு. லண்டன்ல மெளகு இடிக்க எடுத்துப்பாங்களாம்."

நான் கஸ்தூரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் வைக்கோலை எடுத்துக் கல்வத்துக்குச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். அன்றிலிருந்து நான் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே அந்தத் தெருவில் நடந்தேன்.

மிஞ்சிய யானைகளை நான் விட்டேனா? விட்டால் நான் நான் இல்லை. எல்லாவற்றையும் வேப்பூர் ரோட்டு ஓட்டல்களுக்குக் கொண்டுபோய், கல்லாவுக்கு லட்சுமி என்று சொல்லித் தலைக்கு ஒன்றாகத் தள்ளினேன். இன்றைக்கும் ஒரு ஓட்டலில் ஒன்று நிற்கிறது. அம்பாரியில் பல்குத்தும் குச்சி வைத்திருக்கிறார்கள். போகிற லாரிக்காரன் எவனாவது "சூப்பரா இருக்குதே" என்றால் எனக்குச் சிரிப்பு வரும்.

சார் அதற்கப்புறம் ஒரு வாரம் சூளைப் பக்கம் வரவில்லை. வந்தபோது ஒரே வாக்கியம்தான் சொன்னார். "அந்தம்மா பேசினது இங்கிலீஷு மாதிரிதான் இருந்திச்சி. ஆனா அதுல வார்த்தையெல்லாம் மலிவுடா, தம்பி." ஆனால் பாருங்கள், மாதா கோயில் தேர்த் திருவிழாவில் புதுப் பாதிரியாரிடம் அவர் கையைக் கொடுத்து "ஐ ஆம் டோனி" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். மலிவானதிலும் ஒன்றிரண்டு பிடித்துவிடுகிறது.

நான் சொந்தமாகக் கேஸ் சூளை கட்டியபோது ஊரே வந்தது. பொன்னாடை மேல் பொன்னாடை. தொழில் திலகம் என்றார்கள், சிகரம் என்றார்கள், மைக்கைப் பிடித்தவன் விடவில்லை. சார் தடியை ஊன்றிக்கொண்டு கடைசியாக வந்தார். "தண்டவாளம் இல்லாம என்னாடா சூளை?" என்று சுற்றி வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். வெந்து வந்த ஒரு கல்வத்தை எடுத்துக் கவிழ்த்தார். நான் தாங்கப் போனேன், விடவில்லை. அடியைத் தடவினார்.

"நாட் பேட்ரா" என்றார்.

எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. பீங்கான் வேலையில் தூசிக்கா பஞ்சம்?

இப்போது பொதுச் சூளைக்கு யாரும் முறை கேட்டு நிற்பதில்லை. அவரவர் ஷெட்டில் அவரவர் சூளை. என் கண்ணுக்குள் ஓடுகிற அந்தத் தள்ளுவண்டிகளைப் பற்றி மருமகளிடம் சொன்னால், ரயில்வே ஸ்டேஷனைச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். முதலாளியும் இல்லை, ஸ்டூலும் எந்த அடுப்பில் எரிந்ததோ. கஸ்தூரி போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. அதற்கும் முன்னாலேயே சார் போய்விட்டார். ஜங்ஷன் டீக்கடையில் இப்போதும் இங்கிலீஷ் கேட்கிறது. ஆனால் வாக்கியத்தின் கடைசியில் வண்டி நிற்பதில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மருமகள் மறுபடி வந்தாள். லண்டன்காரருக்கு அடிப்பக்கம் போட்டோ அனுப்பிவிட்டாளாம், மனுஷன் இன்னும் ஒரு பாராட்டும் சொல்லவில்லையாம். நல்ல சகுனம். கையில் அவளே வரைந்து, அவளே அச்சு எடுத்து ஊற்றிய சின்ன விளக்கு ஒன்று வைத்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். கவிழ்த்தேன். அடியைத் தடவினேன். ஒரு குமிழி இல்லை. என் கை ஊற்றியிருந்தால்கூட இவ்வளவுதான் வந்திருக்கும்.

"மோசமில்லேம்மா" என்றேன்.

அவள் முகம் காலையில் போலவே சுருங்கிவிட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சொன்னதை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல அந்தக் காலத்தில் ஒரு ஆள் இருந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சாயங்காலம் வருவார்.